சவர்க்காரமும் கம்பியும் போதுமா?

கடந்த சில ஆண்டுகளாக வன்னியின் காட்டுப் பாதைகளிலும் கிழக்குக் கரையோர மணற்பாதைகளிலும் ஒரு புதிய வகைப் பயணிகளைக் காணமுடிகிறது. லண்டனில் இருந்தும் ரொறன்ரோவில் இருந்தும் மெல்பேர்ணில் இருந்தும் ஆடி, ஆவணி விடுமுறைக்கு வருகின்ற இளைஞர்களும், கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் தொழில் பார்க்கின்ற அவர்களது உறவுக்காரரும் வாடகைக்கு எடுத்த ஜீப்களிலும் பிக்கப் வண்டிகளிலும் சுண்டிக்குளம், நாயாறு, கொக்கிளாய், வில்பத்து என்று புறப்பட்டுவிடுகிறார்கள். தார் வீதி முடிகின்ற இடத்தில்தான் அவர்களது பயணம் தொடங்குகிறது. தாய்மண்ணின் உட்பகுதிகளைத் தம் கண்ணால் பார்க்கவேண்டும் என்ற இந்த ஆர்வம் வரவேற்கத்தக்கது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் இத்தகைய பயணங்களைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் என் வயதொத்தவர்கள் ஒரு வசனத்தைச் சொல்லத் தவறுவதில்லை. "உதிரிப்பாகமோ? நாங்கள் மண்ணெண்ணெயில கார் ஓடின ஆக்கள் தம்பி. ஒரு துண்டுக் கம்பியும் ஒரு கட்டி சவர்க்காரமும் இருந்தாக் காணும்." கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளும் சிரித்துவிட்டு, உதிரிப்பாகங்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில் இன்னொரு குளிர்பெட்டியை ஏற்றிவிடுகிறார்கள். இந்தப் பெருமிதத்தில் நியாயம் இருக்கிறது. அதைவிடப் பெரிய ஆபத்தும் இருக்கிறது என்பதே என் கருத்து.

முதலில் நியாயத்தைப் பார்ப்போம். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின்னர் வடக்கின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் பெற்றோலும் பற்றரியும் வாகன உதிரிப்பாகங்களும் அடங்கியிருந்தன. யாழ்ப்பாணத்தில் 1995 இன் இறுதி வரையிலும், வன்னியில் 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தக் காலம் வரையிலும் மக்கள் இந்தத் தடைக்குள்தான் வாழ்ந்தார்கள். ஒஸ்ரின், மொறிஸ் மைனர் போன்ற பழைய ஆங்கிலேயக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சிறு போத்தலில் பொன்போலப் பாதுகாத்த பெற்றோலைக் காபரேற்றருக்குள் சில துளிகள் விட்டு இயந்திரத்தை இயக்கி, அது சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். சைக்கிளின் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டதும் அதே காலத்தில்தான். அன்றைய கராஜ்காரர்கள் செய்தவற்றைப் பொறியியல் கல்லூரிகளில் பாடமாகவே வைக்கலாம்.

அவர்களுடைய அவசர வைத்தியங்களுக்கும் அடிப்படை இருந்தது. பெற்றோல் தாங்கியில் சிறு வெடிப்பு ஏற்பட்டால் சலவைச் சவர்க்காரத்தைப் பிசைந்து அப்புவார்கள். சவர்க்காரம் தண்ணீரில் கரையும், பெற்றோலில் கரையாது. ரேடியேற்றரில் நுண்ணிய ஓட்டை விழுந்தால் மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றுவார்கள். அந்தத் தூள் ஊறி ஓட்டையை அடைத்துக்கொள்ளும். முறிந்த வில்தகட்டுக்கு மரக்கட்டையை வைத்து வரிந்து கட்டுவார்கள். இவை எல்லாம் இன்றும் பலிக்கக்கூடியவை. தெரிந்து வைத்திருப்பதில் தவறு எதுவும் இல்லை.

ஆயினும் நாம் பெருமையோடு நினைவுகூரும்போது விட்டுவிடுகின்ற பகுதி ஒன்று உண்டு. அந்தக் கார்களின் இயந்திரங்கள் குறைந்த அழுத்த விகிதம் கொண்டவை. ஆகையால்தான் மண்ணெண்ணெயைச் சகித்துக்கொண்டன. அப்படியிருந்தும் எரியாத மண்ணெண்ணெய் என்ஜின் ஒயிலோடு கலந்து இயந்திரத்தின் ஆயுளைத் தின்றது. பிளக்குகள் கரி பிடித்து அடிக்கடி நின்றன. மஞ்சள் தூள் ஓட்டையை அடைத்ததோடு நிற்காமல் ரேடியேற்றரின் நுண்குழாய்களையும் அடைத்தது. அந்த வாகனங்கள் மெதுவாகவே ஓடின. ஓடிய தூரமும் குறைவு. வழியில் நின்றுபோனால், இரண்டு ஒழுங்கைக்கு ஒரு கராஜ் இருந்தது. வன்னியில் அந்த வசதியும் கிடையாது. மாரி மழையில் காட்டுப் பாதை வழியே உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிச் செல்லப்பட்ட நோயாளிகள் வழியிலேயே உயிரிழந்த செய்திகளை நானே எழுதியிருக்கிறேன். அச்செய்திகளில் 'வாகனம் இடைவழியில் பழுதடைந்ததால்' என்பது அரை வரியாக வந்து போகும். சவர்க்காரமும் கம்பியும் காப்பாற்றிய கதைகள் இன்றும் சொல்லப்படுகின்றன. காப்பாற்றாத கதைகளைச் சொல்வதற்கு ஆட்கள் இல்லை.

அந்தச் சாமர்த்தியம் நம்மீது திணிக்கப்பட்ட இல்லாமையில் பிறந்தது. சில ஆயிரம் ரூபாவுக்கு ஃபான் பெல்ட் வாங்கக்கூடிய காலத்தில் அதை வாங்காமல் காட்டுக்குள் போவது சாமர்த்தியமாகாது. தடைக்காலத்து மெக்கானிக் ஒருவரிடம் அன்று நல்ல உதிரிப்பாகம் ஒன்றைக் கொடுத்திருந்தால், கம்பியைத் தூக்கி எறிந்துவிட்டு அதையல்லவா பூட்டியிருப்பார்?

அந்தக் காலத்தில் இருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் வேறு. 1990களின் பிற்பகுதியில் வன்னிக்குள் பொருள் ஏற்றிய லொறிச் சாரதி ஒருவரோடு சில தடவைகள் பயணம் செய்திருக்கிறேன். அவருடைய ஆசனத்துக்குக் கீழே ஒரு தகரப்பெட்டி இருக்கும். அதற்குள் இருந்தவற்றில் புதியது எதுவும் இல்லை. பாதி தேய்ந்த ஃபான் பெல்ட், கழற்றிய ரேடியேற்றர் குழாய், பழைய டீசல் வடிகட்டி, பலவகை நட்டுகள். புதிய பாகம் ஒன்று கிடைத்தால் அதை வாகனத்தில் பூட்டிவிட்டு, கழற்றியதைத் துடைத்துப் பெட்டிக்குள் வைப்பார். காரணம் கேட்டபோது, "இது இந்த வாகனத்துக்குச் சரியான அளவு எண்டு எனக்குத் தெரியும். கடைக்காரன் தந்தது சரியோ எண்டு காட்டுக்குள்ள போயோ பாக்கிறது?" என்றார். தினமும் காலையில் ஒயில், தண்ணீர், காற்று, பெல்ட் என்று நான்கையும் பார்த்த பின்னரே சாவியைத் திருப்புவார். அவர் கம்பியை நம்பிப் போனவர் அல்லர். தம்மால் இயன்ற அளவு ஆயத்தத்தோடு போனவர். கம்பி அவருக்குக் கடைசிப் புகலிடமாக மட்டுமே இருந்தது.

அவர் கூறியது இன்று இன்னும் பொருந்தும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடையில் 2022 இல் ரூபா சரிந்து, டொலர் ஒன்று இருநூறு ரூபாவில் இருந்து முந்நூற்றறுபது ரூபா வரை ஏறியது. உதிரிப்பாகங்களின் விலையும் கூடவே ஏறியது. விளைவாக, வாடகைக்கு விடப்படும் ஜீப்களில் பல நன்றாக வயதேறியவை. பஞ்சிகாவத்தைக் கடைகளில் அசல், பாவித்தது, போலி ஆகிய மூன்றும் ஒரே தட்டில் இருக்கும். பெட்டியில் அச்சிட்ட பெயரை நம்பி வாங்கியதைப் பிரித்தும் பார்க்காமல் காட்டுக்குக் கொண்டுபோவது, உதிரிப்பாகமே இல்லாமல் போவதற்குச் சமம். ஊரிலேயே பூட்டிப் பாருங்கள். சரியாக இருந்தால் புதியதை வாகனத்திலும் பழையதைப் பெட்டியிலும் வையுங்கள்.

எதைக் கொண்டுபோவது என்பதில் நம்மவர் பெரும்பாலும் கண்ணுக்கு அழகானவற்றையே தெரிவு செய்கிறார்கள். கூரையில் விளக்குவரிசை இருக்கும், முன்னால் மின்சார இழுவைச் சக்கரம் இருக்கும், பின்னால் தொங்குகின்ற மேலதிகச் சில்லில் காற்று இருக்காது. காட்டுப் பாதையில் வாகனங்களை நிறுத்துபவை பெரும்பாலும் மலிவான பொருட்களே. ஆகையால் ஒழுங்குமுறையாகச் சொல்கிறேன்.

முதலாவது, ரயர். மேலதிகச் சில்லு முழு அளவானதா, காற்றுள்ளதா, அதன் நட்டுகளைக் கழற்றும் சாவி வாகனத்தில் உண்டா என்று பாருங்கள். அண்மைக் காலக் கார்கள் சிலவற்றில் மேலதிகச் சில்லே கிடையாது. ஒரு பசைப் போத்தலும் சிறு காற்றுப்பம்பியும் மட்டுமே கொடுத்திருப்பார்கள். பாலைமுள்ளும் கூர்ங்கல்லும் ரயரின் பக்கச்சுவரைக் கிழித்தால் அந்தப் பசை உதவாது. ஜக்கோடு ஓரடிச் சதுரத்தில் கனமான பலகை ஒன்றும் வேண்டும். இல்லாவிட்டால் மணலில் வாகனம் உயராது, ஜக்தான் புதையும். மணலில் புதைந்தால் வேகத்தைக் கூட்டி மேலும் தோண்டாமல், ரயர்க் காற்றைச் சதுர அங்குலத்துக்குப் பதினெட்டு இறாத்தல் அளவுக்குக் குறைத்து மெதுவாக எடுக்கலாம். ஆனால் தார் வீதி ஏறியதும் மீண்டும் நிரப்பக் காற்றுப்பம்பி அவசியம். காற்றுக் குறைந்த ரயர் வேகத்தில் சூடேறி வெடிக்கும்.

இரண்டாவது, குளிரூட்டலும் பெல்ட்டும். புதிய வாகனங்கள் பலவற்றில் ஒரே பெல்ட்தான் மின்பிறப்பாக்கி முதல் தண்ணீர்ப்பம்பி வரை எல்லாவற்றையும் சுழற்றுகிறது. அது அறுந்தால் எல்லாம் நின்றுவிடும். ஒரு பெல்ட், மேல் கீழ் ரேடியேற்றர் குழாய்கள், குழாய்ப் பட்டிகள், பத்து லீற்றர் தண்ணீர். இந்தத் தண்ணீர் ரேடியேற்றருக்கானது. குடிக்கும் தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லீற்றர் வீதம் புறம்பாக வேண்டும். சூடேறிய ரேடியேற்றரின் மூடியை எக்காரணத்துக்காகவும் உடனே திறக்கவேண்டாம். பொறுமையில்லாமல் திறந்து முகம் வெந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

மூன்றாவது, எரிபொருளும் மின்சாரமும். கலன்களில் வைத்த டீசலில் தண்ணீர் சேரும். ஆகவே வடிகட்டி ஒன்றும், காற்று அகற்றும் முறையைத் தெரிந்த ஒருவரும் தேவை. பியூஸ்கள், பற்றரி இணைப்புக் கம்பிகள், முனைகளைச் சுரண்ட ஒரு தாள். கியர் தானாக மாறுகின்ற வாகனத்தைத் தள்ளி இயக்க முடியாது என்பதை மறக்கவேண்டாம். என்ஜின் ஒயில், பிரேக் ஒயில் சிறிதளவு. இவற்றுக்குப் பின்னர் கம்பி, நாடா, சவர்க்காரம், மஞ்சள் தூள் எல்லாம் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

சாவிகளும் வாகனத்துக்குப் பொருந்தவேண்டும். ஜப்பானிய வாகனங்களுக்கு 10, 12, 14, 17, 19 மில்லிமீற்றர்ச் சாவிகள் இருந்தால் பெரும்பகுதி வேலை முடியும். பழைய லான்ட் றோவரோடு போகிறவருக்கு அங்குலச் சாவிகள் இல்லாவிட்டால் பெட்டி நிறையச் சாவி இருந்தும் பயனில்லை.

பொருளை அடுக்குவதிலும் ஒரு கணக்கு உண்டு. பிரித்தானிய இராணுவ அதிகாரியான ரால்ஃப் பக்னோல்ட் 1920களின் பிற்பகுதியிலும் 1930களின் முற்பகுதியிலும் நண்பர்களோடு ஃபோர்ட் கார்களில் எகிப்து, லிபியப் பாலைவனங்களைக் கடந்தவர். ரேடியேற்றரில் கொதித்து வெளியேறும் நீராவியைக் குழாய் வழியே தண்ணீருள்ள ஒரு கலனுக்குள் விட்டு, குளிர்ந்ததும் அதே தண்ணீர் திரும்பவும் ரேடியேற்றருக்குள் உறிஞ்சப்படுமாறு செய்தார். மணலில் புதையும் சில்லுகளுக்குக் கீழே இரும்புத் தகடுகளை வைத்தார். 1940 இல் அவர் உருவாக்கிய நெடுந்தூரப் பாலைவனப் படைப்பிரிவு பெரும்பாலும் ஒரே வகை லொறிகளையே பயன்படுத்தியது. ஒரு லொறியின் பாகம் மற்றதற்குப் பொருந்தும், ஒன்று முற்றாகப் பழுதானால் அதைக் கழற்றி மற்றவற்றை ஓட்டலாம் என்பது அதிலுள்ள நன்மை. பழுதுபார்ப்பவர் ஒருவரும் கூடவே சென்றார். ஏற்றுகின்ற ஒவ்வொரு உதிரிப்பாகமும் அதன் நிறை அளவுக்குத் தண்ணீரையும் பெற்றோலையும் குறைக்கும் என்பதால் எதையும் அவர்கள் யோசித்தே ஏற்றினார்கள். நம்மவர்களுக்கும் இது பொருந்தும். தனி வாகனத்தில் போகாதீர்கள். இரண்டாகப் போங்கள். இயன்றால் இரண்டும் ஒரே வகையாக இருக்கட்டும். வன்னியில் ஹைலக்ஸ் வாகனத்துக்கு இருக்கும் மதிப்பு அதன் பலத்தால் மட்டும் வந்ததன்று. அதன் பாகம் எந்தச் சந்தியிலும் கிடைக்கும், அதைத் தெரிந்த கை எந்தக் கிராமத்திலும் இருக்கும்.

தெருவோரத்தில் தொடக்கூடாத பகுதிகளும் உண்டு. இன்றைய டீசல் இயந்திரங்களின் எரிபொருள் குழாய்களுக்குள் இருக்கும் அழுத்தம் ரயரின் காற்றழுத்தத்தைப்போலப் பல நூறு மடங்கு. இயந்திரம் இயங்கும்போது அதைத் தளர்த்தினால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். கலப்பின வாகனங்களின் உயர் மின்னழுத்தக் கம்பிகளும் அப்படியே. பழைய மொறிஸ் மைனரில் பெற்ற அனுபவத்தை வைத்துக்கொண்டு இவற்றில் கைவைப்பதை மாமாமாரும் சித்தப்பாமாரும் தயவுசெய்து தவிர்க்கவேண்டும்.

வாகனம் நின்றுவிட்டால் என்ன செய்வது? நமது நிலத்துக்கே உரிய சில எச்சரிக்கைகள் இங்கே தேவைப்படுகின்றன. மணலிலோ சேற்றிலோ புதைந்த சில்லுக்குக் கீழே போடக் கட்டை பொறுக்குவதற்காகப் பற்றைக்குள் இறங்குவது எல்லோருக்கும் இயல்பாக வருகின்ற எண்ணம். கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. அகற்றும் பணி பெருமளவு முன்னேறியிருக்கிறது. ஆனால் அது முடிந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு வடக்கில் எந்தப் பற்றைக்குள்ளும் கால்வைக்கக் கூடாது. சிவப்பு எச்சரிக்கைப் பலகை இருந்தால் மட்டுமன்றி, ஆள் நடமாட்டத்தின் தடம் இல்லாத எந்த இடத்திலும் இறங்கவேண்டாம். கட்டை வேண்டுமென்றால் புறப்படும்போதே இரண்டு பலகைகளை ஏற்றுங்கள். வில்பத்து போன்ற சரணாலயங்களுக்குள் அனுமதிக்கப்பட்ட இடங்களைத் தவிர வாகனத்தை விட்டு இறங்குவதே விதிமீறல். கரடியும் யானையும் விதியை வாசித்துவிட்டு வருவதில்லை.

மார்கழி விடுமுறையில் வருவோருக்கு இன்னொன்று. அது வடகீழ்ப் பருவமழைக் காலம். வான் பாய்கின்ற குளத்தின் கீழ்ப்பாதையில் வாகனத்தை இறக்குமுன் ஆழம் தெரிந்திருக்கவேண்டும். முதலை இருக்கக்கூடிய நீரில் நடந்து ஆழம் பார்ப்பதும் புத்தி அல்ல. ஊரவரைக் கேளுங்கள், இல்லையேல் திரும்புங்கள். காற்றுக்குழாய் வழியே தண்ணீர் இயந்திரத்துக்குள் போனால் உள்ளே தண்டுகள் வளைந்துவிடும். தண்ணீருக்குள் நின்ற வாகனத்தை மீண்டும் இயக்க முயல்வதே பெரும்பாலும் அந்த நாசத்தைச் செய்கிறது. அதற்கு எந்தப் பெட்டியிலும் உதிரிப்பாகம் இல்லை.

பழுதுபார்ப்பதற்கு ஒரு கால எல்லையை வைத்துக்கொள்ளுங்கள். பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போதும் வேலை முடியாவிட்டால், கருவிகளை வைத்துவிட்டு இரவைக் கழிக்கும் ஆயத்தத்தைச் செய்யவேண்டும். ஆள் தேடி நடக்கத் தொடங்குவது யானைகள் நடமாடும் நேரத்தில் நடப்பதாகும். அவுஸ்திரேலியாவின் உட்பகுதிக்குச் செல்பவர்களுக்கு அங்குள்ள பொலிஸாரும் மீட்புப் பணியாளர்களும் திரும்பத் திரும்பச் சொல்வது 'வாகனத்தை விட்டு அகலாதீர்கள்' என்பதே. தேடுகிறவர்களின் கண்ணில் மனிதனைவிட வாகனம் சுலபமாகப் படும். ஆனால் தேடுவதற்கு ஒருவர் இருக்கவேண்டும் அல்லவா? எந்தப் பாதையால் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், திரும்பாவிட்டால் யாருக்கு அறிவிப்பது என்பதை ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். காயம் என்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். அழைப்பதற்குத் தொலைபேசி அலை வேண்டும், வருவதற்கு நீங்கள் நிற்கும் இடம் தெரியவேண்டும். கடைசியாகக் கடந்த கிலோமீற்றர்க் கல்லையும் குளத்தின் பெயரையும் யாராவது ஒருவர் குறித்துக்கொண்டு வருவது பெரிய வேலை அன்று.

இறுதியாக ஒரு வேண்டுகோள். தடைக்காலத்தை வாழ்ந்து கடந்தவர்களிடம் அறிவு நிறைய இருக்கிறது. ஆனால் அதைக் கதையாக மட்டுமே பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். கதை கேட்டவருக்குத் துணிவு வரும், கைப்பழக்கம் வராது. அடுத்த விடுமுறைக்கு மருமக்கள் வந்து காட்டுக்குப் போக ஆயத்தம் செய்யும்போது, புறப்படுவதற்கு முதல்நாள் அந்த வாகனத்தை வளவுக்குள் நிறுத்தச் சொல்லுங்கள். வண்டி ஓட்டத் தெரிந்த பெண்பிள்ளைகள் உட்பட ஒவ்வொருவரும் ஒரு தடவை சில்லைக் கழற்றிப் பூட்டட்டும். பெல்ட் எங்கே ஓடுகிறது, பியூஸ் பெட்டி எங்கே இருக்கிறது, பொனற்றைத் திறப்பது எப்படி என்று தொட்டுக் காட்டுங்கள். வாடகைக்குக் கொடுப்பவரிடம் மேலதிகச் சில்லை இறக்கிக் காட்டும்படி கேட்பதற்கும் கூச்சப்படத் தேவையில்லை. முகம் சுளிக்கிறவரின் வாகனத்தை எடுக்காமல் விடுங்கள்.

இதற்கு இரண்டு மணி நேரம் போதும். மண்ணெண்ணெய்க் காரின் கதையை அதற்குப் பின்னர், தேநீர் குடிக்கும்போது சொல்லலாம்.